அப்பாவின் கார், ஓட்டியது நான், காப்பீடு இல்லை: வீடு போய்விடுமா?

செங்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளியில் ஆசிரியை. அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. வாரம் ஒருமுறை அவரைப் புனலூர்ப் பக்கம் ஒரு வைத்தியசாலைக்கு எண்ணெய்ச் சிகிச்சைக்காக அழைத்துப் போய் வருவது இவருடைய வேலை. கார் அப்பா பெயரில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது, 1000 சிசி-க்குக் கீழ். இவரிடம் முறையான ஓட்டுநர் உரிமம் உண்டு.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை, சாரல் பெய்துகொண்டிருந்த நேரம், திரும்பி வரும் வழியில் தென்மலையைத் தாண்டி 13 கண் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவில் எதிரே வந்த இருசக்கர வாகனத்தின் மீது கார் மோதிவிட்டது. அதில் வந்தவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, 43 வயது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்து, பிளேட் வைத்து அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. இவரே அவரைக் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்து, 38,000 ரூபாய் கட்டியிருக்கிறார். கேரளக் காவல் நிலையத்தில் எப்.ஐ.ஆர். பதிவாகி, கார் நிலைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே காகிதங்களைக் காட்டும்போதுதான் பாலிசி மார்ச் மாதமே காலாவதியாகிவிட்டது என்று தெரிந்திருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்திகள் அப்பாவின் அலைபேசிக்கு வந்திருக்கும். அந்த அலைபேசி அவர் படுத்ததிலிருந்து அலமாரியில் கிடக்கிறது.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "பாலிசி அப்பா பெயரில் இருந்ததால், அது காலாவதியாகாமல் இருந்திருந்தாலும் நான் ஓட்டியதற்குப் பயன்பட்டிருக்காதாமே? 30 நாள் சலுகை, 90 நாள் சலுகை என்கிறார்களே, அது நமக்கு உண்டா? 2,000 ரூபாய் அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார், வீடே போய்விடும் என்று இன்னொருவர் சொல்கிறார். ஓட்டியது நான்தானே, அப்பாவை இதில் இழுக்காமல் இருக்க முடியாதா? அடிபட்டவர் ஹெல்மெட் போடவில்லை, அது நமக்கு உதவுமா? மாமா ஒரு வழி சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார். அந்த மாமாவின் வழி என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தங்கையே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடிபட்டவரை ரோட்டில் விட்டுவிட்டு, மாநில எல்லையான கோட்டைவாசலைத் தாண்டி ஓடி வந்துவிடாமல், அதே காரில் தூக்கிப் போய்ச் சேர்த்தீர்களே, அதுதான் இந்த வழக்கில் உங்களுக்கு இருக்கும் முதல் பலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு விதிக்கும் கடமையும் அதுதான். அந்த 38,000 ரூபாய்க்கான ரசீதுகளை ஒன்றுவிடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். மருந்துக்கடைத் துண்டுச்சீட்டுகூட வேண்டும். நீங்கள் கட்டிய பில்லை அவர் மறுபடி உங்களிடம் கேட்க முடியாது. ஆனால் கட்டியது நீங்கள் என்று காட்ட ரசீது கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, பாலிசி உண்மையிலேயே இல்லையா என்று உறுதி செய்யுங்கள். அப்பாவின் அலைபேசிக்குச் சார்ஜ் போட்டு, பிப்ரவரியிலிருந்து வந்த செய்திகளைப் பாருங்கள். அவருடைய வங்கிக் கணக்கில் மார்ச் மாதம் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏதாவது தொகை போயிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக வரும் முகவரை நேரில் கேளுங்கள். வாடிக்கையாளர் படுத்துவிட்டார் என்று தன் கையிலிருந்து பணம் போட்டுப் புதுப்பித்துவிட்டு, காகிதத்தைக் கொடுக்காமலே இருந்த முகவர்களை நான் பார்த்திருக்கிறேன். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலும் காப்பீட்டுத் தேதி தெரியும். (வேறு வாசகர்களுக்காக: 2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய கார்களுக்கு வெளியாளுக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே போடப்படுகிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி மட்டும் ஓராண்டில் முடியும். அது முடிந்ததைப் பார்த்துக் காப்பீடே இல்லை என்று பயந்தவர்களும் உண்டு.) உங்களுடையது 2016 வண்டி என்பதால் அந்த வாய்ப்பு இல்லை. இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

காப்பீடு வண்டிக்குத்தான்

உங்கள் முதல் எண்ணம் தவறு. நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீடு வண்டியைத் தொடர்கிறது. பாலிசியில் அப்பா பெயர் இருந்தாலும், அவர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் உரிமத்தோடு யார் ஓட்டினாலும், வெளியாளுக்கு ஏற்படும் காயத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்றிருக்கும். மார்ச் மாதம் அது புதுப்பிக்கப்பட்டிருந்தால் இன்று இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. 'அப்பா பெயரில் பாலிசி இருந்து என்ன பயன்' என்று நினைத்துப் புதுப்பிக்காமலே பிள்ளைகள் ஓட்டும் கார்கள் இந்த மலைப்பாதையில் எத்தனையோ போகின்றன. அந்த வீடுகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

சம்மதத்தோடு ஓட்டும் பிள்ளைக்குப் பாலிசி தராத ஒன்று உண்டு. 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியின் உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், தன் வண்டியின் பாலிசியிலேயே மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் சொல்லியிருக்கிறது. உங்கள் மணிக்கட்டு வீக்கத்துக்கு எங்கும் கேட்க வழியில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது, ஆகவே, சரிதான்.

30 நாள், 90 நாள் என்பது என்ன?

பாலிசி முடிந்த பிறகு விபத்துக்குப் பொறுப்பேற்கும் சலுகை நாள் ஒன்றுகூட இல்லை. 90 நாள் என்பது வேறு கணக்கு. அந்த நாளுக்குள் புதுப்பித்தால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த பிரீமியத் தள்ளுபடி போகாமல் இருக்கும், அவ்வளவுதான். இப்போது பாலிசி எடுத்து அதைக் காட்டலாமா என்றால், அதுவும் ஆகாது. பாலிசியில் தொடங்கும் தேதியோடு நேரமும் அச்சாகிறது; அந்த நேரத்துக்குப் பிந்திய விபத்துக்குத்தான் அது செல்லும்.

2,000 ரூபாயும் அதற்கு அப்பாலும்

காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதும், பிறரை ஓட்ட விடுவதும் 146-ஆம் பிரிவின்படி தடை. 196-ஆம் பிரிவின்படி அதற்கு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000. 'ஓட்ட விடுவது' என்ற சொல்லால், ஓட்டிய நீங்களும் காரில் உட்கார்ந்திருந்த அப்பாவும் இதற்குள் வரலாம். காப்பீடு இல்லை என்று தெரியாமல் ஓட்டியதற்குச் சட்டம் விலக்கு அளிப்பது சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்குத்தான்; மகளுக்கு அது பொருந்தாது. நடைமுறையில் இதற்காக யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை, அபராதத்தோடு முடியும்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று சொன்னவர்தான் உங்களுக்குத் தீங்கு செய்கிறார். அந்த 2,000 அரசுக்குச் செலுத்துவது. கால் உடைந்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போகாது. அவருக்கான இழப்பீடு தனி, அதற்கு உச்சவரம்பு கிடையாது. காப்பீடு இருந்திருந்தால் நிறுவனம் கட்டியிருக்கும் தொகையை இப்போது நீங்களும் அப்பாவும் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். உங்கள் வண்டி அளவுக்கு ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைப் பிரீமியம், 2022 ஜூனில் நிர்ணயித்தபடி, வரி நீங்கலாக 2,094 ரூபாய்.

எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும் என்று சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். அவருக்கு மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. 41 முதல் 45 வயது வரை உள்ளவருக்கு உச்ச நீதிமன்றம் 2009-ல் வகுத்த பெருக்கு எண் 14. ஆக 25,20,000. இதில் அவர் உழைக்கும் திறனில் நிரந்தரமாக எத்தனை சதவீதம் போயிற்று என்று பார்ப்பார்கள். 20 சதவீதம் என்றால் 5,04,000. ஆறு மாதம் வேலைக்குப் போகாததற்கு 90,000. மருத்துவச் செலவு, கூட இருந்து பார்த்தவர் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் சேர்த்தால் 7 லட்சத்தைத் தாண்டலாம். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் சேரும்; பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதம் வரை.

அந்தச் சதவீதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவர் உடலளவில் 10 சதவீதம் ஊனம் என்று சான்று தரலாம். ஆனால் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, அந்த ஊனம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான். பால் வெட்டு எப்படிப்பட்ட வேலை என்று நீங்களே ஆரியங்காவுப் பக்கம் பார்த்திருப்பீர்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏற வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் முழங்காலை மடக்கிக் குனிந்து, பட்டையைக் கத்தியால் சீவி, சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். மழை வழுக்கும் மண்ணில் பிளேட் வைத்த காலோடு அதைச் செய்ய முடியுமா? மேசை வேலைக்காரருக்கு 10 சதவீதமாக இருப்பது இவருக்கு 20, 30 ஆகலாம். நீங்கள் எதிர்கொள்ளும் தொகை அவருடைய காலைப் பொறுத்தது. அவர் நன்றாகக் குணமாவது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ஹெல்மெட்டைப் பற்றி: உடைந்தது கால். ஹெல்மெட் இருந்திருந்தாலும் அது உடைந்திருக்கும். அந்த வாதத்தை நீதிமன்றத்தில் எடுத்தால் உங்கள் மேல் இருக்கும் நல்லெண்ணம்தான் குறையும். அவரிடம் உரிமம் இல்லாமல் இருந்தாலும், அது மட்டுமே அவர் மேல் தவறு என்று ஆகிவிடாது. ஆனால் அவர் வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியம். அது உண்மையானால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும். காவல்துறையின் சம்பவ இட மகஜர் (இடத்தை நேரில் பார்த்து எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, அன்று நீங்கள் அலைபேசியில் எடுத்த படங்கள் எல்லாம் வேண்டும். படங்களை இப்போதே வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். இருந்தாலும், யார் தவறு என்று பார்க்காமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் கேட்கும் உரிமையை 164-ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. முழுத் தவறும் அவருடையது என்று காட்டினாலும் கைவிரித்துவிட முடியாது.

அப்பாவை விலக்கி வைக்க முடியுமா?

முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. மனுவில் அவர் உரிமையாளராகவும் நீங்கள் ஓட்டுநராகவும் எதிர்மனுதாரர்களாக வருவீர்கள். முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம். அப்பா படுக்கையில் இருப்பதோ, ஸ்டியரிங்கைத் தொடாததோ அவரை விடுவிக்காது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் விட்டுச் செல்லும் சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பாவார்கள்.

வீட்டைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். நாளைக்கே யாரும் வந்து பூட்டுப் போட மாட்டார்கள். தீர்ப்பாயம் தொகையை நிர்ணயித்து, நீங்கள் கட்டாமல் இருந்து, அவர் வசூலுக்கு விண்ணப்பித்தால், 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். பிறகு நிலவரி பாக்கியைப் போல அது வசூலாகும். கொல்லம் கலெக்டரின் கை தென்காசிக்கு நீளாது என்று உங்கள் சித்தப்பா சொன்னது தவறு. 1890-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டத்தின்படி அந்தச் சான்று தென்காசி கலெக்டருக்கு வரும், அங்கிருந்து தாசில்தாருக்கு, உங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கு. வீடு ஜப்திக்கு உட்பட்டதுதான். அப்பாவின் அரசு ஓய்வூதியத்துக்கு ஜப்தியிலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அம்மா பெயரில் இருக்கும் அரை ஏக்கருக்கும் இந்தக் கடனுக்கும் தொடர்பில்லை.

வீட்டை இப்போதே உங்கள் பெயருக்கோ அம்மா பெயருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த மாற்றத்தைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கேட்க முடியும். விபத்து நடந்து சில வாரங்களில், பக்கவாதம் வந்தவரின் கைரேகையை வைத்து எழுதிய பத்திரத்தை எந்த நீதிபதி நம்புவார்? பத்திரச் செலவு போய், பெயரும் போகும்.

மாமாவின் யோசனை

அவர் சொல்வது இதுதான்: பாலிசி உள்ள பெரியப்பாவின் காரைக் கொண்டு போய் நிறுத்தி, மோதியது அந்த வண்டிதான் என்று மாற்றிச் சொல்ல ஏற்பாடு செய்யலாம்; காயம்பட்டவருக்கும் சீக்கிரம் பணம் கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. உங்களுக்குப் பயமாக இருப்பது சரியான பயம். இது பொய்ச் சாட்சியம், மோசடி, கூட்டுச் சதி. இன்று கட்ட வேண்டிய கடன் மட்டும் உள்ள உங்கள் குடும்பம், நாளைக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் குடும்பமாகிவிடும். இப்படிப்பட்ட வழக்குகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் தனியாக விசாரிக்கின்றன. அதைவிடக் கொடுமை, பொய் வெளிப்பட்டால் பால் வெட்டும் அந்த மனிதருக்கு நியாயமாக வர வேண்டிய தொகையும் கெட்டுப்போகும். மாமா உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார், தெரிகிறது. அவரிடம் இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

வழக்கும் சம்மனும்

எப்.ஐ.ஆரில் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அசட்டையாக வண்டி ஓட்டியது), 125(பி) (கொடுங்காயம்) பிரிவுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. கொடுங்காயப் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. 'நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடு, ஒரே நாளில் முடியும்' என்று யாராவது சொன்னால், உங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். அந்த ஒப்புதல் இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிரான சான்றாக வரும். குற்றப்பத்திரிகையையே கவனக்குறைவுக்கு முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருப்பதால், அவர் நடுக்கோட்டைத் தாண்டினார் என்பதை மெய்ப்பிக்கும் சுமை உங்கள் மேல்தான் இருக்கும்.

இழப்பீட்டு மனுவை அவர் விபத்து நடந்த இடத்திலோ, தான் வசிக்கும் இடத்திலோ, நீங்கள் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் போடலாம். அவருக்குப் புனலூர்தான் பக்கம், பெரும்பாலும் அங்கேதான் வரும். சம்மன் மலையாளத்தில் இருக்கலாம். இந்த எல்லையில் 25 ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறேன். நான் பார்த்த பெரும் இழப்புகளில் பாதி, படிக்கத் தெரியவில்லை என்று ஓரமாக வைத்த காகிதத்தில் தொடங்கியவை. ஒருவர் சம்மனை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு மறந்தேபோனார். எதிர்த்தரப்பு வரவில்லை என்று மனுவில் கேட்ட கணக்கின்படியே தீர்ப்பாகி, கிராம நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. தாத்தா காலத்து மலையாளப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். காகிதம் வந்த அன்றே அவரிடம் காட்டுங்கள், மறுநாளே வழக்கறிஞரிடம் போங்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராவிட்டால், நினைவு தெளிவாக இருக்கும் வரை வக்காலத்தில் கைரேகை வைத்தால் போதும்.

காரைப் பற்றி

காப்பீடு இல்லாமல் விபத்துக்குள்ளான வண்டியை, இழப்பீட்டுக்குப் போதுமான ஈடு கொடுக்காமல் விடுவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் அறிவுறுத்தியது; விதிகளும் அப்படியே வந்துவிட்டன. மூன்று மாதத்துக்குள் ஈடு கொடுக்காவிட்டால் வண்டி ஏலத்துக்குப் போய், அந்தப் பணம் தீர்ப்பாயத்தில் கட்டப்படும். உங்கள் கார் இன்று ஒன்றரை லட்சம் போகும் என்கிறீர்கள். அதை மீட்க வீட்டுப் பத்திரத்தை ஈடு வைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏலத்துக்குப் போகட்டும், பணம் அவருடைய இழப்பீட்டில்தான் கழியும். அப்பாவை வைத்தியசாலைக்கு வாடகைக் காரிலோ ரயிலிலோ அழைத்துப் போங்கள். எப்படியாவது மீட்டால், நிலையத்து வாசலைத் தாண்டும் முன் மூன்றாம் நபர் காப்பீடாவது இருக்க வேண்டும்.

சமரசம்தான் என் பரிந்துரை

50,000 ரூபாய் கொடுத்து, முத்திரைத்தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற யோசனையையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. படுக்கையில் இருப்பவரிடம் அவசரத்தில் வாங்கிய கையெழுத்தைத் தீர்ப்பாயம் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அது நியாயமும் இல்லை. அவருடைய கால் கூடுமா கூடாதா என்று அவருக்கே இன்னும் தெரியாது.

சரியான வழி மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். அவர் மனுப் போட்ட பிறகு, தொகையையும் தவணையையும் இரு தரப்பும் பேசி முடித்து, லோக் அதாலத்தில் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. 6 லட்சம் என்று முடிந்தால், முதலில் ஒரு தொகை, மீதி இரண்டு ஆண்டுகளில் என்று கேட்கலாம். பால் வெட்டுபவருக்கு ஐந்து ஆண்டு கழித்து வரும் 9 லட்சத்தைவிட இந்த ஆண்டு கையில் வரும் பணம் பெரிது. அவருடைய வழக்கறிஞருக்கும் அது தெரியும். கொடுங்காய வழக்கையும் அவர் சம்மதித்தால் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம். 281-ஆம் பிரிவுக்கு அந்த வழி இல்லை, அது அபராதத்தோடு முடிய வாய்ப்பு அதிகம். சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை அவருக்கும் சொல்லுங்கள். எதிர்த்தரப்புக்கு நான் ஏன் வழி காட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள். இடைத்தரகர் கையில் அவர் சிக்கினால் பேச்சே நடக்காது.

அதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். விபத்துக்குப் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை, முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாமா வேண்டாம், வழக்கறிஞரும் வேண்டாம். தொகையைப் பற்றி எதுவும் பேசாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். அடுத்த எக்ஸ்ரே எந்தத் தேதி, காலை ஊன்றச் சொல்லிவிட்டார்களா, இப்போது அவருடைய மரங்களை யார் வெட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எக்ஸ்ரேவுக்குப் போக வண்டி வேண்டுமென்றால் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.